கோப்பை வந்தது... கிளப் போனது!

கோவையில் காணாமல்போன சாம்பியன் அணியும், திருச்சி கவனிக்க வேண்டிய சில பிரெஞ்சு ஊர்களும்

2019 மார்ச் 9, சனிக்கிழமை சாயங்காலம். கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. காலரியில் கப்சிப். சென்னை சிட்டி எஃப்.சி-யிடம் 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் தன் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறது. இங்கே தோற்று அங்கே அவர்கள் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. பாதி ஆட்டம் முடிந்தபோதும் 0–1தான். பாதிப் பேர் கையில் செல்போன்; கண் ஒன்று இங்கே, காது ஒன்று கோழிக்கோட்டில்.

56-வது நிமிடம் பெனால்ட்டி. பெட்ரோ மான்சி பந்தை வலைக்குள் தள்ளினார். அந்த சீசனில் அவருக்கு அது 21-வது கோல். அடுத்து தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா, அசாம்காரர், முன்னேறி வந்து ஒன்றல்ல, இரண்டு கோல் போட்டார். 3–1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசிக் கட்டத்தில் மீண்டு ஜெயித்தும் புண்ணியமில்லை. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், தேசிய லீக்கான ஐ-லீக்கின் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

சரியாக இரண்டே சீசன். 2021–22 ஐ-லீக் பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

‘கோவைக் கதையை எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்?’ என்று திருச்சி வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) போட்டியே நிறுத்திவைக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து பெங்களூரு எஃப்.சி, சென்னையின் எஃப்.சி போன்ற கிளப்புகள் சம்பளத்தை நிறுத்திய பிறகு, டீக்கடை வரைக்கும் ஓடிய பேச்சு ஒன்றுதான்: இந்த ஊரில் கால்பந்துக் கிளப் என்ற ஒன்று நிலைக்கவே நிலைக்காதா? அதற்குக் கோவையில் ஒரு பதில் இருக்கிறது. பிரான்ஸில் வேறொரு பதில் இருக்கிறது, அதுவும் பாரிஸில் அல்ல, ஸ்ரீரங்கத்தைவிடச் சிறிய ஊர்களில்.

பெயர் ஓர் ஊர், ஆட்டம் ஓர் ஊர்

பின்கதை சுருக்கமாக. 1946-இல் நுங்கம்பாக்கம் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கிய சென்னை லீக் அணிதான் பிற்பாடு சென்னை சிட்டி எஃப்.சி ஆனது. 2016–17 சீசனில் ஐ-லீக்கில் நேரடி அனுமதி கிடைத்தது. சென்னையில் நேரு ஸ்டேடியம் ஏற்கெனவே ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்.சி-யின் கையில். அடுத்த சீசனுக்கே மூட்டை முடிச்சோடு கோவைக்கு வந்துவிட்டார்கள். பெயர்ப்பலகையில் சென்னை, ஆட்டம் கோவையில். அந்த ஆண்டு பத்து அணிகளில் எட்டாவது இடம்.

அதற்கடுத்த ஆண்டுதான் மாயம் நடந்தது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, ராபர்ட்டோ எஸ்லாவா என்று நான்கு பேர். அவர்களைச் சுற்றி எட்வின் வான்ஸ்பால், அஜித்குமார், பாண்டியன் ஸ்ரீனிவாசன் என்று நம்மூர்ப் பையன்கள். முதல் ஆட்டத்திலேயே மான்சி ஹாட்ரிக். கோவைக்காரர்கள் இந்த ‘சென்னை’ அணியைத் தம் அணியாகவே எடுத்துக்கொண்டார்கள். பெயரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஜெயிக்கிற அணிக்குப் பெயர் ஒரு பொருட்டா என்ன?

2019-இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பியக் கிளப் ஒன்று தமிழ்நாட்டுக் கால்பந்தில் பணம் போடுகிறது என்றால் சும்மாவா! ஆனால் அந்த உறவும் நீடிக்கவில்லை.

அகமதாபாத்தில் சொந்த மைதானம்

சாம்பியன் பட்டத்தின் பரிசு, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தொடக்கச் சுற்று. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு ஆட்டம். சென்னை சிட்டிக்கு அது ‘சொந்த ஊர்’ ஆட்டம். நடந்தது எங்கே தெரியுமா? அகமதாபாத்தில்! தமிழ்நாட்டின் ஒரே ஐ-லீக் சாம்பியன் தன் கிளப் வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தைத் தன் ரசிகர்களிடமிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஆடி, 0–1 என்று தோற்றது.

என்னைக் கேட்டால் கிளப் கைநழுவியது 2021-இல் அல்ல, அன்றைக்குத்தான். கோவை மைதானம் அவர்களுடையதாக இருந்ததே இல்லை. வாடகைக்கு எடுத்த இடம். மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றன. மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். நெஸ்டர் ஹைதராபாத்துக்கு மாறியது வழக்காகி, அவருக்குத் தடை வரைக்கும் போனது. எட்வின் சென்னையினுக்கு, அஜித் பெங்களூருவுக்கு. பயிற்சியாளரும் விடைபெற்றார். கொரோனாவில், ஆசியாவின் அடுத்த நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி கோப்பையும் ரத்து. 2020–21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் வெளியாட்கள் நுழைய முடியாத ஏற்பாட்டில் நடந்தது. அதாவது, கோவை ரசிகர்கள் தங்கள் அணியைக் கடைசியாக நேரில் பார்த்ததற்கும் அணி மறைந்ததற்கும் நடுவில் ஒரு முழு சீசன் தொலைக்காட்சியில் போனது. அடுத்து உரிமத் தகுதிச் சிக்கல். பட்டியலில் பெயர் இல்லை.

யாரும் ஊர்வலம் போகவில்லை. கோவையின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. போராட அவர்களிடம் எந்த உரிமை இருந்தது? டிக்கெட் வாங்கியதைத் தவிர அந்தக் கிளப்பில் அவர்களுக்கு ஒரு கையெழுத்துகூட இல்லையே. நடுத்தெருவில் நின்றவர்கள் பந்து பொறுக்கிப் போட்ட பையன்களும், அணியைப் பார்த்துக் கால்பந்துக்கு வந்த பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும்தான். பெரிய ஆட்டக்காரனுக்கு இன்னொரு கிளப் கிடைக்கும். அவனைப் பார்த்துப் பந்தைத் தொட்டவனுக்கு அடுத்த படி எங்கே?

ஆற்றங்கரையில் ஒரு பாதிரியார்

ஒரு பெரிய தாவல். பாரிஸுக்குத் தென்கிழக்கே யோன் ஆற்றங்கரையில் ஒசேர் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 35 ஆயிரம். 2011 கணக்குப்படி திருச்சி மாநகராட்சியில் கிட்டத்தட்ட எட்டரை லட்சம் பேர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1905 டிசம்பரில் பிரெஞ்சு அரசு மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் போட்டது. பள்ளிப் பிள்ளைகள் கோயிலை விட்டு விலகிவிடுவார்களோ என்ற கவலை பாதிரியார்களுக்கு. அதே மாதக் கடைசியில் ஒசேரின் அபே தெஷாம் ஓர் இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். கால்பந்தும் அதில் ஒன்று. இன்றைய ஏ.ஜே. ஒசேர் கிளப்பின் பிறப்பு அதுதான். 1918-இல் அவர் ஆற்றை ஒட்டி ஒரு நிலம் வாங்கினார். கிளப் இன்றும் அங்கேதான் ஆடுகிறது. ஸ்டேடியத்துக்கு அவர் பெயர்.

இது நமக்கு அந்நியமான கதையே அல்ல. பிரெஞ்சு இயேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்ததுதான் தெப்பக்குளத்தருகே நிற்கிற செயின்ட் ஜோசப் கல்லூரி. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊருக்கு அதற்கு முன்பே துப்பாக்கியோடும் வந்திருக்கிறார்கள். 1752-இல் ஜாக் லா என்ற தளபதி ஸ்ரீரங்கம் தீவில் படையோடு அடைபட்டுக் கிடந்து, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். துப்பாக்கியோடு வந்தவர்கள் போய்விட்டார்கள். பாடப்புத்தகத்தோடு வந்தவர்களின் கட்டடம் நிற்கிறது.

ஒசேரை உலகம் அறிந்தது கீ ரூ என்ற பயிற்சியாளரால். 1961-இல், இருபத்திரண்டு வயதில் பொறுப்புக்கு வந்தவர், சின்ன இடைவெளிகள் தவிர 2005 வரை அசையவில்லை. கீழ் டிவிஷனில் கிடந்த அணியை 1980-இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். 1996-இல் லீக், கோப்பை இரண்டும். கஞ்சர் என்று பெயர் எடுத்தவர். ராத்திரி ஊர்சுற்றும் ஆட்டக்காரர்களைப் பிடிக்க, காலையில் அவர்கள் காரின் பானட்டைத் தொட்டுப் பார்ப்பாராம். சூடாக இருந்தால் தொலைந்தார்கள்! இப்படிக் கதை கதையாகச் சொல்வார்கள். எரிக் கன்டோனா, பசீல் போலி, ஜிப்ரில் சிஸே எல்லோரும் அவர் கையில் வளர்ந்தவர்கள். வளர்ப்பது, ஆடவைப்பது, நல்ல விலைக்குப் பெரிய கிளப்புக்கு விற்பது, அந்தப் பணத்தை அடுத்த தலைமுறைக்குப் போடுவது. வேறு ரகசியம் இல்லை.

2016-இல் ஒரு சீனத் தொழிலதிபர் கிளப்பை வாங்கினார். 2022-இல் முதல் டிவிஷனுக்கு ஏறி, 2023-இல் இறங்கி, 2024-இல் மீண்டும் ஏறிவிட்டார்கள். முதலாளி மாறினார், டிவிஷன் மாறியது. மைதானம் மாறவில்லை.

[பெட்டி]
ஊரைவிடப் பெரிய ஸ்டேடியம்

பிரிட்டனி பகுதியில் இருக்கிறது கேங்கம். மக்கள்தொகை ஏழாயிரம்தான். ஸ்டேடியத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உட்காரலாம். 1912-இல் தொடங்கிய ‘ஆன் அவாங் கேங்கம்’ கிளப் 2009-இலும் 2014-இலும் பிரெஞ்சுக் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் இறுதியில் தோற்றது அதே வட்டாரத்தின் பெரிய நகரமான ரென். முதல் முறை வென்றபோது கேங்கம் இரண்டாவது டிவிஷன் அணி! தித்தியே த்ரோக்பா பேர் எடுக்கத் தொடங்கியதும் இங்கேதான். கிளப்பின் நீண்டகாலத் தலைவர் நோயல் லெ கிராயே ஊரின் மேயராகவும் இருந்தவர். கட்சிக் கொடியும் கிளப் கொடியும் ஒரே கையில் இருப்பது நல்லதா என்ற விவாதத்தை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

1928: இரண்டு பணிமனைகள்

திருச்சிக்கு ஒசேரைவிட நெருக்கமான ஊர் சோஷோ. சுவிஸ் எல்லைக்கு அருகே, நாலாயிரம் பேர் வாழும் ஊர். அங்கே இருப்பது பெஜோ கார் தொழிற்சாலை. 1928-இல் ழான்-பியேர் பெஜோ தன் தொழிலாளர்களுக்காகக் கால்பந்துக் கிளப் தொடங்கினார். பிரான்ஸில் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்வதற்கு வழிகாட்டிய கிளப் அதுதான். 1935, 1938 இரண்டிலும் லீக் சாம்பியன்.

அதே 1928-இல்தான் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்தை விட்டுப் பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. (நாகப்பட்டினம் திருச்சிக்குக் கொடுத்த இரண்டாவது சீதனம்!) ஆட்குறைப்பை எதிர்த்து அந்த ஆண்டே தென்னிந்திய ரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தமும் நடந்தது. பணிமனையைச் சுற்றிக் காலனி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இன்ஸ்டிடியூட், மைதானம். ஒரு தொழிற்சாலை, அதைச் சுற்றி ஓர் ஊர், ஊருக்கு நடுவே ஆட்டம். இதுவரை சோஷோவும் பொன்மலையும் ஒரே அச்சு.

அதன் பிறகு பாதை பிரிகிறது. நம்மிடம் வளர்ந்தது கிளப் அல்ல, இலாகா அணி. ரயில்வே, பெல், போலீஸ், வங்கி. ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் வேலை, வேலையோடு பந்து. மூன்று தலைமுறைத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது அந்தக் கோட்டாதான். அதைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. சென்னையின் இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக் வரைக்கும் போய் ஆடியிருக்கிறது. ஆனால் இலாகா ஆள் எடுப்பதை நிறுத்தினால் அணி வயதாகி ஓய்வுபெறும். உறுப்பினர் கிடையாது, பத்து வயதுப் பையன்களுக்குப் பிரிவு கிடையாது, பக்கத்துத் தெருக்காரனுக்கு இடம் கிடையாது. ஊழியர் அணி ஊழியர்களோடு முடிந்துபோகும்.

சோஷோவிலும் தொழிற்சாலை கைவிட்டது. 2015-இல் பெஜோ கிளப்பைச் சீனத் தொடர்புள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்றது; அது பிறகு இன்னொரு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. 2023 கோடையில் பணம் நின்றது. பிரான்ஸில் கிளப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்ய ‘டி.என்.சி.ஜி’ என்ற அமைப்பு இருக்கிறது. வரவுசெலவு சரியில்லை என்றால் ஈவிரக்கமின்றிக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளும். சோஷோவை மூன்றாவது டிவிஷனுக்குத் தள்ளியது. கிளப் மூடப்படும் நிலை.

அப்போது ஊர் வந்தது. முன்னாள் தலைவர் ழான்-குளோத் பிளெஸ்ஸி உள்ளூர்த் தொழில்காரர்களைத் திரட்டினார். ரசிகர்கள் ‘சோசியோஷோ’ என்ற சங்கத்தின் பேரில் பணம் திரட்டினார்கள், ஆயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள். அது நன்கொடை அல்ல. கிளப்பில் பங்கு. ஆகஸ்டில் மூன்றாவது டிவிஷனில் ஆட அனுமதி கிடைத்தது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். உற்சவத்தில் ஒரு நாள் மண்டகப்படி ஒருவருடையது, அடுத்த நாள் வேறொருவருடையது. ஓர் உபயதாரர் நொடித்துப்போனால் அந்த நாளை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். சித்திரைத் தேர் நிற்காது. கோவையில் நடந்ததோ பத்து நாளும் ஒரே உபயதாரர் என்ற கதை.

[பெட்டி]
பிழைக்காதவையும் உண்டு

கலே: பிரான்ஸின் துறைமுக நகரம். 2000-இல் நான்காம் டிவிஷன் அமெச்சூர் அணியாகப் பிரெஞ்சுக் கோப்பை இறுதிக்கே வந்து நாந்த் அணியிடம் 1–2 என்று கடைசி நிமிடப் பெனால்ட்டியில் தோற்றது. நாந்த் கேப்டன் லாந்த்ரோ, கலே கேப்டனையும் கூட்டிப்போய்ச் சேர்ந்தே கோப்பையைத் தூக்கினார். புகழ் போதையில் 12 ஆயிரம் பேர் அமரும் புது ஸ்டேடியம் வந்தது. அதை நிரப்ப ஆள் வரவில்லை. 2017-இல் கிளப் திவால்.

போர்தோ: பெரிய நகரம், ஆறு முறை சாம்பியன். 2024-இல் கடனால் நான்காம் டிவிஷனுக்கு விழுந்தது. ஆனாலும் ஆடிக்கொண்டிருக்கிறது.

எஃப்.சி கொச்சின்: கேரளத்தின் முதல் தொழில்முறைக் கிளப். 1997-இல் டுராண்ட் கோப்பை. 2002-இல் கதை முடிந்தது.

ஜி கார்னரில் என்ன நடக்கிறது?

சரி, திருச்சிக்கு வருவோம். பொன்மலை ஜி கார்னர் மைதானத்தை அறியாதவர் ஊரில் இல்லை. எதற்காக அறிவார்கள் என்பதுதான் விஷயம். 2013 செப்டம்பரில் நரேந்திர மோடி பேசிய இளந்தாமரை மாநாடு நடந்த இடம் என்று கட்சிக்காரர் சொல்வார். கொரோனா காலத்தில் காந்தி மார்க்கெட் இங்கேதான் மாறியிருந்தது என்று காய்கறி வியாபாரி சொல்வார். லாரிச் சக்கரம் ஏறிய தரையில் வெங்காயச் சருகு மிதந்த காட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். கூட்டம், கண்காட்சி, மார்க்கெட் எல்லாவற்றுக்கும் ஆகிற இடம் ஆட்டத்துக்கு நிரந்தரமாக ஆவதில்லை. ரயில்வேயின் இடம்; அவர்கள் தேவை அவர்களுக்கு. கேட்பதற்கு மைதானத்தின் பேரில் ஊருக்கு ஒரு காகிதமும் இல்லை.

அண்ணா விளையாட்டரங்கம் அரசுடையது. அங்கே தடகளமும் உண்டு, மற்ற ஆட்டங்களும் உண்டு. கால்பந்துக்கு அது பல வீட்டுப் பிள்ளை. ஊரிலேயே நல்ல புல்தரைகள் இருப்பது கல்லூரி மதில்களுக்குள். செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், நேஷனல். மாணவனாக இருக்கும் மூன்று வருடம் மைதானம் அவனுடையது. பட்டம் வாங்கிய மறுநாள் வாட்ச்மேன் கேட்டில் நிறுத்துவார். ஸ்ரீரங்கத்துப் பையன்களுக்கு இருப்பது கொள்ளிடத்து மணல். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆட்டம் கிடையாது. மணலில் ஆடினால் கால் பலப்படும், பந்து ஓடாது. மணலில் பழகியவன் புல்தரையில் முதல் பதினைந்து நிமிடம் தடுமாறுவதைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்.

திறமைக்குப் பஞ்சமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை என்பதற்குக் குமரிக் கடற்கரையே சாட்சி. இரவிபுத்தன்துறை என்ற மீனவ கிராமத்திலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூருக்குப் போய், அங்கிருந்து ஏடிகேவுக்கு மாறி, 2019–20 ஐஎஸ்எல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அண்ணன் தம்பி என்று குடும்பமே ஆட்டம். கோயில் திருவிழாவோடு சேர்ந்து கால்பந்து வளர்ந்த கரை அது. ஒசேர் பாதிரியாரின் சங்கத்துக்குத் தமிழ்நாட்டில் மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால் அந்தக் கடற்கரையைத்தான் கைகாட்டுவேன். அவர்களிடம் அணி இருக்கிறது, உறுப்பினர் இருக்கிறார்கள், கடல் அரித்தது போக மிச்சமிருக்கும் மைதானமும் இருக்கிறது. மேலே ஏறிச்செல்ல ஏணிதான் பற்றாக்குறை.

[பெட்டி]
பெண்கள் நிலைத்தார்கள்

சென்னை சிட்டி கோப்பை வென்ற அதே 2019-இல், மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று சாம்பியன் ஆனது சேது எஃப்.சி. மதுரைப் பக்கத்து சேது பொறியியல் கல்லூரியைச் சார்ந்து வளர்ந்த அணி. ஒரே ஆண்டில் ஆண், பெண் இரண்டு தேசிய லீக் பட்டங்களும் தமிழ்நாட்டில்! ஆண்கள் அணி போய்விட்டது. சேது அதன் பிறகும் தொடர்ந்து லீக்கில் ஆடிவந்தது. தங்குமிடம், சாப்பாடு, மைதானம் மூன்றும் ஒரே வளாகத்துக்குள் என்பதை இதற்கான காரணங்களில் முதலாவதாகச் சொல்ல வேண்டும்.

ஏழு பேர் போதும்

பிரெஞ்சுக் கிளப்புகளின் அடித்தளம் 1901-இல் வந்த சங்கச் சட்டம். பெரும்பாலான சின்னக் கிளப்புகள் அதன்கீழ் பதிவானவை. மேலே கம்பெனி வந்தாலும் அடியில் சங்கம் இருக்கும். பையன்கள் பிரிவும் பெண்கள் பிரிவும் அதன் பொறுப்பில் ஓடும். கம்பெனி திவாலானாலும் சங்கம் ஞாயிற்றுக்கிழமை பந்தை எடுத்துக்கொண்டு வரும். 

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். செவன்ஸ் ஆடவும் அதே ஏழு பேர்தான் வேண்டும்! திருச்சியில் நற்பணி மன்றமும் இளைஞர் மன்றமும் இல்லாத தெரு எது? சிக்கல் பதிவுக்குப் பிறகு தொடங்குகிறது. வருடாவருடம் கணக்குக் காட்டுவது, பொதுக்குழு கூட்டுவது, தலைவர் பதவியைச் சண்டையில்லாமல் கைமாற்றுவது. நினைவுக் கோப்பை நடத்த நன்கொடை வசூலிக்கிற சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்தால் போதும்.

ஏணி காகிதத்தில் இருக்கிறது. மாவட்ட லீக், மாநில அளவிலான போட்டி, 2023-இல் தொடங்கிய ஐ-லீக் 3, பிறகு 2, அதற்கு மேல் மற்றவை. மேல்படிகளில் உரிமத்துக்குக் கேட்கிற விஷயங்கள் இவைதான்: மைதானம், இளையோர் அணி, தகுதியுள்ள பயிற்சியாளர், நிர்வாகம், கணக்கு. நட்சத்திர ஆட்டக்காரர் இருக்கிறாரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இவற்றில் திருச்சிக்கு உடனே கைக்கு எட்டக்கூடியது மைதானம். புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. மதிலுக்குள் புல்தரை வைத்திருக்கும் கல்லூரிகளில் ஒன்று, வாரத்தில் இரண்டு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் பதிவுபெற்ற ஓர் ஊர்க் கிளப்புக்கு, வாய்மொழியாக அல்ல, பத்து வருட ஒப்பந்தமாக எழுதிக்கொடுக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் செலவு கிளப்புடையது, பரீட்சைக் காலத்தில் மைதானம் கல்லூரிக்கு என்று விதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாவட்ட லீக் பதிவுக்குள் ஒரு முதல்வரும் ஏழு உறுப்பினர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடக்கூடிய காரியம்தான் இது.